மூன்றாவது வாசர்

எனக்கு எழுபத்து நாலு வயது நடக்கிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. ஆனாலும் காற்றுத் துப்பாக்கியில் காற்று எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த பொம்பளை இந்த இலஞ்சியில் என்னைத் தவிர வேறு யாரும் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. சாரல் தொடங்கிவிட்டால் அப்பா குற்றாலத்தில், பேரருவிக்குப் போகிற வழியில், பலூன் சுடுகிற கடை போடுவார். பலகையில் வரிசையாகப் பலூன், முன்னால் ஒரு மேசை, மேசை மேல் ஒரே ஒரு துப்பாக்கி. குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். ஈயக்குண்டை வைத்து, நிமிர்த்திச் சுட்டால் ஸ்பிரிங் காற்றைத் தள்ளும், காற்று குண்டைத் தள்ளும். ஈர வேட்டியோடு வருகிறவர்கள் எல்லோரும் அதைக் கையில் வாங்கியதும் புலி வேட்டைக்கு வந்தவர்கள் மாதிரி நிற்பார்கள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அப்பாவுக்குக் கூடமாட இருந்தார். அந்தத் தையில்தான் கல்யாணமாகி, அத்தையோடு எங்கள் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தார். அவருக்குப் பட்டாளத்தில் சேர வேண்டும். தென்காசியில் ஆள் எடுக்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து, கூட்டம் வருவதற்கு முன்னால் கடைக்குப் போய், பலகையில் கரிப்புள்ளி வைத்துச் சுட்டுப் பழகினார். குறி தப்பாமல் சுடுகிறவனை யார் வேண்டாம் என்பார்கள் என்பது அவர் நினைப்பு.

ஆள் எடுப்புக்கு எட்டு நாள் இருக்கும்போது துப்பாக்கி படுத்துவிட்டது. சத்தம் வருகிறது. குண்டு பலூனில் பட்டுப் பொத்தென்று கீழே விழுகிறது. தென்காசியில் அதைப் பழுது பார்க்கிறவர், சீசன் முடியட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அப்பா வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். மாமா சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

சைக்கிள் கடையில் பார்த்திருக்கிறேன், டியூபைத் தண்ணீரில் முக்கினால் ஓட்டை இருக்கிற இடத்தில் குமிழி வரும். நானும் துப்பாக்கியைக் கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில் முக்கினேன். குழல் வாயில் நாலு குமிழி வந்தது, அவ்வளவுதான். அப்பாவின் கை முதுகில் விழுந்தது மிச்சம். அழுதுகொண்டே அதைத் துடைக்கும்போதுதான் புத்தியில் பட்டது. டியூபுக்குள் எப்போதும் காற்று இருக்கிறது. இதற்குள் சுடுகிற நொடியில் மட்டும்தான் காற்று. அப்படியானால் அந்த நொடியில்தான் பிடிக்க வேண்டும்.

நன்றாகக் காய்ந்த பிறகு, அப்பாவின் திருநீற்றுப் பையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துக் குழல் மடங்குகிற இடத்தைச் சுற்றித் தூவினேன். மாமாவைக் கொல்லைச் சுவரைப் பார்த்துச் சுடச் சொன்னேன். மடங்குகிற இடத்திலிருந்து திருநீறு புஸ்ஸென்று எழும்பி அவர் மீசையில் அப்பியது. குழலை மடக்கிப் பார்த்தால், காற்று ஒழுகாமல் அடைக்க உள்ளே பதிந்திருந்த தோல் வளையத்தில், அதாவது வாசரில், ஒரு துண்டைக் காணோம். எலி கடித்துவிட்டது என்று தீர்ப்புச் சொன்னேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

“ஏட்டி மருமவளே, பட்டாளத்துல என்னைய விட்டுட்டு ஒன்னயத்தான் எடுக்கப் போறாங்க” என்றார் மாமா. நாலு நாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார்.

தொழுவத்தில், கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைத்த பழைய கமலைத் தோல் கிடந்தது. அதில் ஒரு துண்டை நல்லெண்ணெயில் ஊறப்போட்டு எடுத்துக்கொண்டு அத்தையிடம் போனேன். வீட்டில் கத்தரிக்கோல் அவளிடம் மட்டும்தான் உண்டு. அத்தை ரவிக்கைக்குக் கழுத்து வெட்டினால் பௌர்ணமி நிலா மாதிரி இருக்கும், தென்காசியிலிருந்துகூடத் துணி வரும். அப்படிப்பட்டவள் வெட்டித் தந்த முதல் வாசர் சின்னதாகப் போயிற்று. திருநீறு பறந்தது. இரண்டாவது ஒரு பக்கம் கோணல். அதற்கும் பறந்தது. நான் மூன்றாவது துண்டோடு போய் நின்றேன். ஆள் எடுப்புக்கு இரண்டே நாள் இருந்தது.

“ஒனக்கு வேற சோலியே இல்லயாட்டி? விட்டுத் தொலையேன்” என்றாள்.

“இது சரியாவலேன்னா மாமாவ எடுக்க மாட்டாங்களாம்.”

“எடுக்கலேன்னா என்ன, குடியா முழுகிரும்? இங்கன பலூன் ஊதிக்கிட்டு இருக்கட்டுமே.”

“மாமா சோத்த அளையுதாரு, திங்க மாட்டேங்காரு. நீங்க பாக்கலயா?”

அத்தை என்னைப் பார்க்கவில்லை. தோலை வாங்கி மடியில் வைத்து, அதன் விளிம்பை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். பிறகு பழைய வாசரை அதன் மேல் வைத்து, ஒரே சுற்றில் வெட்டிக் கொடுத்தாள். பொருத்தியதும் கச்சிதமாக உட்கார்ந்தது. மாமா சுட்டார். திருநீறு போட்ட இடத்திலேயே இருந்தது. நான் கொல்லை முழுக்க ஓடினேன்.

தென்காசியில் மாமாவின் கையில் யாரும் துப்பாக்கியைக் கொடுக்கவே இல்லை. உயரம் பார்த்து, மார்பை அளந்து, ஓடவிட்டு எடுத்துக்கொண்டார்கள். வாசர் சரியாகாவிட்டாலும் எடுத்திருப்பார்கள். அது அத்தைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மாமா ரயிலேறிய அன்று, என்னால்தான் போகிறார் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். அத்தை அன்றைக்கு ஆறு ரவிக்கை வெட்டினாள்.

அப்புறம் எனக்கும் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, என் இரண்டாவது மகன் பட்டாளத்துக்குக் கிளம்பினான். அன்று காலையில் அவனுடைய பள்ளிக்கூடச் சான்றிதழ்களை எடுத்து அரிசிப் பானைக்குள் புதைத்துவைத்தேன். அவன் வீட்டையே கலைத்துப் போட்டுத் தேடினான். எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று நானே சொன்னேன். சொன்ன பிறகுதான் அந்த வாசர் கண்முன்னால் வந்தது. எலி கடித்தால் விளிம்பு பிசிறு பிசிறாக இருக்கும். அதில் பிசிறே இல்லை. கத்தரித்த மாதிரி இருந்தது.

பஸ் வருவதற்குள் பானையைத் திறந்து நானே எடுத்துக் கொடுத்தேன்.

ஏட்டி பேத்தி, இங்கே வா. நான் எழுதிவைத்த இதை ஒருதரம் சத்தமாக வாசித்துக் காட்டு. எழுத்துப் பிழை கிடந்தால் கிடக்கட்டும். அத்தை மூன்றாவது வாசரை வெட்டுகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்தி வாசி.