டிக்கிச் சாவிக்கு மட்டும் வண்ணம் கிடையாது

ஆன்செல் பிரெக்கி நெயில் பாலிஷ் வாங்கப் போனால், கடையில் இருக்கும் பெண் ஒவ்வொரு முறையும், "இந்தத் தடவை யாருக்கு?" என்று கேட்பாள். "மேல் பூட்டுக்கு" என்பார். சிரிக்கமாட்டார். எழுபத்து நான்கு வயது ஆள், கிரீஸ் படிந்த விரல்களில் சிவப்பும் நீலமும் ஒட்டிக்கொண்டிருக்க, சின்னச் சின்னப் புட்டிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வருவார்.

எங்கள் முகாமில் நாற்பத்திரண்டு டிரெய்லர்கள் நிற்கின்றன. நவம்பரில் வடக்கே பனி விழத் தொடங்கியதும் காரின் பின்னால் வீட்டைக் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு அரிசோனாவுக்கு வந்துவிடுவோம், ஏப்ரலில் திரும்புவோம். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். எங்களுக்கு இருக்கும் தொல்லைகளில் மூட்டுவலிக்கு அடுத்தது சாவிதான். டிரெய்லர் கதவில் இரண்டு பூட்டு. கைப்பிடியோடு சேர்ந்து ஒன்று, அதற்கு மேலே தனியாக ஒன்று. இரண்டுக்கும் வேறு வேறு சாவி. ஆனால் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். கொக்கிக்கு ஒரு சாவி. பக்கவாட்டில் சாமான் வைக்கும் டிக்கிக்கு ஒரு சாவி. கையில் ஐஸ்கிரீம் உருகிக்கொண்டிருக்கும்போது எது எதற்கு என்று தேடிப் பாருங்கள், தெரியும்.

அதற்கு ஆன்செல் கண்ட வழிதான் நெயில் பாலிஷ். மேல் பூட்டுச் சாவிக்குச் சிவப்பு, கீழ்ப் பூட்டுக்கு நீலம், கொக்கிக்கு மஞ்சள். டிக்கிச் சாவிக்கு மட்டும் வண்ணம் கிடையாது. "அதுக்கு ஏன்யா பூசல?" என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "அது தானாத் தெரிஞ்சுடும்" என்றார். கல்லுளிமங்கன். அதற்கு மேல் கேட்டாலும் ஒன்றும் வராது என்று விட்டுவிட்டேன்.

வட டகோட்டாவில் முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட பஸ்களுக்கு மெக்கானிக்காக இருந்தவர். மனைவி இறந்ததும் வீட்டை விற்றுவிட்டு, இருபத்து நான்கு அடி டிரெய்லரில் ஏறி வந்தார். முகாமைப் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்தது. குளியலறைகளைக் கழுவுவது, வருகிறவர்களுக்கு இடம் காட்டுவது, சாவியைத் தொலைத்தவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவது. அதற்குப் பதிலாக அவர் வண்டி நிற்க இடமும் தண்ணீரும் மின்சாரமும். கோடையில் நாங்கள் போன பிறகும் அவர் அங்கேயே இருப்பார். அவருக்கு வேறு ஊர் இல்லை.

அவருடைய கதவு மட்டும் பூட்டியிருக்காது. ஏணி வேண்டுமா, திருப்புளி வேண்டுமா, கதவைத் தள்ளிக்கொண்டு போய் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு வேண்டியது சர்க்கரை. என் வீட்டில் சர்க்கரை டப்பாவே கிடையாது. உடம்பில் இருக்கிறதே போதும் என்பாள் என் மனைவி மார்வா. அதனால் தினமும் காலை பத்து மணிக்குக் காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு நடைப்பயிற்சி என்று கிளம்பி, ஆன்செல் வீட்டுக்குள் போய், அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அலமாரியைத் திறந்து இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கிக் குடித்துவிட்டு வருவேன். ஒன்பது குளிர்காலமாக இப்படித்தான்.

ஜனவரி இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை, டெல்பர்ட் ஓக்ஸின் பெட்டி காணாமல் போனது. டெல்பர்ட் இருபத்திரண்டாம் இடத்துக்காரர். பதினோரு குளிர்காலமாகப் பாலைவனத்தில் அகேட் என்ற வண்ணக் கற்களைப் பொறுக்கி, முகாமின் பின்னால் இருக்கும் கொட்டகையில் அறுத்து, மெருகேற்றி, ஒரு மரப்பெட்டியில் வைத்திருந்தார். அடுத்த வாரம் டவுனில் நடக்கும் கல் சந்தைக்குக் கொண்டுபோவதற்காகக் கடைசி மெருகு போட்டு, திங்கட்கிழமை மதியம் டிக்கியில் வைத்துப் பூட்டினார். மறுநாள் திறந்தால் கழிவுநீர்க் குழாயும் மடக்கு நாற்காலிகளும்தான் இருந்தன. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

அப்போது டெல்பர்ட்டின் மனைவி நோர்மாவுக்கு ஒரு ஞாபகம் வந்தது. நவம்பரில் அவர்களுடைய டிக்கிச் சாவி தொலைந்தபோது, ஆன்செல் தன் வளையத்திலிருந்து ஒரு சாவியை எடுத்துச் சத்தமில்லாமல் திறந்துகொடுத்தாரே?

"எங்க வீட்டுச் சாவி அந்தாளுகிட்ட எப்படி வந்துச்சு? சொல்லுங்க பாப்போம்" என்று அவள் துணி துவைக்கும் அறையில் நின்று கேட்டாள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. சாயங்காலத்துக்குள் முகாமில் இருந்தவர்கள் எல்லோரும் தங்கள் டிக்கிகளைத் திறந்து சாமான்களை எண்ணிவிட்டார்கள். நானும் என் தூண்டில்களை எண்ணினேன். ஆறு இருக்க வேண்டும்; ஆறும் இருந்தன. எண்ணியதைத்தான் இங்கே சொல்கிறேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

புதன்கிழமை மேலாளர் கெய்லின் கூடத்தில் கூட்டம் போட்டாள். ஐம்பதைத் தாண்டாதவள், எங்களுக்கெல்லாம் பிள்ளை வயது.

"ஆன்செல், நோர்மா சொல்றது உண்மையா? உங்க சாவி அவங்க டிக்கியத் திறந்துச்சா?"

"திறந்துச்சு."

"பெட்டிய நீங்க எடுத்தீங்களா?"

"இல்ல."

அவ்வளவுதான். கெய்லின் எங்களைப் பார்த்தாள். "யாருக்காவது இவரப் பத்தி ஏதாவது சொல்லணுமா?"

ஆன்செல் ஒருமுறையாவது கதவைத் திறந்துகொடுக்காதவர் அந்தக் கூடத்தில் ஒருவரும் இல்லை. எல்லோரும் தங்கள் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். நானும் என் செருப்பைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் வண்டியை எடுத்துவிட வேண்டும் என்று கெய்லின் சொன்னாள். ஜனவரியில் எந்த முகாமிலும் இடம் கிடைக்காது. கிடைத்தாலும், வேலை கேட்கும் இடத்தில் முந்தைய மேலாளருக்கு ஒரு போன் போடாமல் யாரும் சேர்க்கமாட்டார்கள். வடக்கே போகலாமென்றால் அங்கே இடுப்பளவு பனி, விற்றுப்போன வீடு. இது எல்லோருக்கும் தெரியும்.

புதனும் வியாழனும் நான் சர்க்கரை இல்லாத காபி குடித்தேன். கஷாயம் மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை பொறுக்க முடியாமல் கோப்பையோடு போனேன். ஆன்செல் வெளியே மேஜை போட்டு, யாருடைய சாவிக்கோ சிவப்பு பூசிக்கொண்டிருந்தார். துரத்துகிறவர்களின் சாவிக்கு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன்யா, உன் சாவி எல்லா டிக்கியையும் திறக்குமாமே?"

"திறக்கும்."

"என்னுதையும்?"

"உன்னுதையும். உன் சாவி என்னுதையும் திறக்கும். போய்ப் பாரு."

நான் நம்பவில்லை. அவருடைய டிரெய்லரின் பக்கவாட்டுக்குப் போய் என் சாவியை நுழைத்தேன். வெண்ணெயில் கத்தி போல் போய்த் திரும்பியது. உள்ளே அவருடைய பழைய ஸ்பானர் பெட்டி என்னைப் பார்த்தது.

"டிக்கிப் பூட்டு செய்யறவன் எல்லா வண்டிக்கும் ஒரே சாவியத்தான் போடறான்" என்றார் ஆன்செல், தூரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல். "சாவிக் கழுத்துல நம்பர் இருக்கு. உன்னுதுலயும் அதான், நோர்மாவுதுலயும் அதான். அதான் வண்ணம் பூசறதில்ல. என்னன்னு பூசுறது?"

"இத ஏன்யா கூட்டத்துல சொல்லல?"

"கெய்லின்கிட்ட மொதல்லயே சொன்னேன். அவளுக்கு மூணு வருஷமாத் தெரியும். வெளியில சொன்னா பாதிப் பேரு வண்டியக் கட்டிக்கிட்டுப் போயிடுவாங்க, சொல்லாதீங்கன்னா. சரின்னேன்."

"சரின்னியா! உன்னத் திருடன்னு வெளிய அனுப்பறா, அதுக்கும் சரியா?"

"சொன்னா மட்டும் என்னாகும் லைல்? நான் எடுக்கலன்னு ஆகிடாது. எல்லாராலயும் எடுத்திருக்க முடியும்னு ஆகும். ஒரு திருடனுக்குப் பதிலா நாப்பத்திரண்டு திருடன்."

சாவியை வெயிலில் காயவைத்துவிட்டு அவர் நிமிர்ந்தார்.

"ரெண்டு நாளா சர்க்கரைக்கு வரலியே?"

"டாக்டர் குறைக்கச் சொன்னாரு" என்றேன்.

"அப்படியா" என்றார்.

வீட்டுக்கு வந்து மார்வாவிடம் கத்தினேன். அவளும் செருப்பைப் பார்த்தவள்தான். என்னைவிட அதிகமாகக் கத்தினாள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, ஆனால் ஊரின் கையில் ஒரு சாவியைக் கொடுக்கலாமே என்று யோசனை சொன்னது அவள்தான்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு எல்லோரும் வழக்கம்போல் அவரவர் கோப்பையோடும் நாற்காலியோடும் கூடத்துக்கு முன்னால் சேர்ந்தார்கள். ஆன்செல் வரவில்லை, டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்றேன்.

"எல்லாரும் டிக்கிச் சாவிய எடுங்க. நேரா பக்கத்து வீட்டுக்காரர் டிக்கியில போட்டுத் திருப்பிப் பாருங்க."

"அடுத்தவங்க டிக்கிய நான் எதுக்குத் திறக்கணும்?" என்றாள் நோர்மா.

"திறக்காதுன்னுதானே நெனைக்கிற? அப்புறம் என்ன பயம்?"

கெய்லின் ஓடிவந்தாள். "லைல், உக்காருங்க. இது முகாமுக்கு நல்லதில்ல."

"எது நல்லதில்ல, சாவியா, நான் சொல்றதா?" என்றேன். அவள் முகம் சிவந்தது. அதைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது.

பிறகு நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. எழுபது எழுபத்தைந்து வயது ஆட்கள் ஊன்றுகோலும் சாவியுமாக அடுத்த வீட்டு டிக்கிகளில் குனிந்து நின்றார்கள். சடக் சடக் என்று மூடிகள் எழும்பின. முன்னாள் பாதிரியாரின் டிக்கியில் பதினொரு விஸ்கி புட்டிகள். புகைப்பதை விட்டுவிட்டதாக ஈஸ்டருக்கு ஈஸ்டர் அறிவிக்கும் ஐடாவின் டிக்கியில் சிகரெட் பெட்டிகள். என் தூண்டில் பைக்குள் இருந்த மிட்டாய்ப் பொட்டலம் மார்வாவின் கண்ணில் பட்டது. அது தனி வழக்கு.

"அடக் கடவுளே, இத்தன வருஷம் இதையா பூட்டிக்கிட்டு இருந்தோம்!" என்று யாரோ சொன்னார்கள்.

டெல்பர்ட் இருபத்து மூன்றாம் இடத்துக்குப் போனார். அது ப்ரூயிட் தம்பதியின் வண்டி. டெல்பர்ட்டின் வண்டியும் அதுவும் ஒரே வகை, ஒரே வருடம், வெள்ளை உடம்பில் ஒரே பழுப்புக் கோடு. ப்ரூயிட்டுகள் பல் கட்டிக்கொள்வதற்காகத் திங்கட்கிழமை காலையே எல்லை தாண்டி மெக்சிகோவுக்குப் போயிருந்தார்கள். டெல்பர்ட் சாவியைத் திருப்பினார், மூடியைத் தூக்கினார். கழிவுநீர்க் குழாய், மடக்கு நாற்காலிகள். அவற்றின் மேல் ஒரு மரப்பெட்டி.

"இது என் பெட்டி மாதிரியே இருக்கே" என்றார் டெல்பர்ட்.

நோர்மா பெட்டியைத் திறந்தாள். கற்கள் அப்படியே இருந்தன. அன்றைக்குக் கொட்டகையிலிருந்து எந்த வழியாக வந்தீர்கள் என்று அவள் கேட்டாள். வெயிலாக இருந்ததால் பின்பக்கமாக வந்ததாக அவர் சொன்னார். பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு வண்டிக்கும் அவற்றைப் பெற்ற தாய்க்கே வித்தியாசம் தெரியாது.

"சாவி திரும்புச்சே!" என்று டெல்பர்ட் எல்லோரிடமும் சொன்னார். "சாவி திரும்புச்சே, நான் என்ன பண்றது?"

யாரோ ஓடிப்போய் ஆன்செலைக் கூட்டிவந்தார்கள். கையில் காற்றுமானியோடு வந்து டிக்கியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"சாவி திரும்பிட்டா வீடு நம்மளுதுன்னுதான் தோணும், டெல்பர்ட்" என்றார். போய் மறுபடி காற்றடிக்கத் தொடங்கினார். கெய்லின் பின்னாலேயே போய், இருந்துவிடும்படி கேட்டாள். "சரி" என்றார். கொக்கியைக் கழற்றினார்.

நோர்மா பெக்கன் பருப்பு போட்ட இனிப்புப் பண்டம் சுட்டுக் கொண்டுபோனாள். டெல்பர்ட் பெட்டியிலேயே பெரிய கல்லைக் கொடுத்தார். இரண்டையும் வாங்கிக்கொண்டார். அடுத்த பத்து நாளில் எல்லோரும் டிக்கிக்குப் புதுப் பூட்டு வரவழைத்துவிட்டோம், வீட்டுக்கு வீடு வேறு வேறு சாவி. அந்தச் சாவிகளையும் கொண்டுபோய் ஆன்செலிடம்தான் கொடுத்தோம். அவர் கடைக்குப் போய் ஒரு புட்டி பச்சை வாங்கிவந்தார். நாற்பத்தொரு சாவிகளுக்குப் பச்சை பூசி, வெயிலில் காயவைத்து, பெயர் எழுதிய உறைகளில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஒருவருடையதும் மாறவில்லை.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்தேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுத்து வந்த திங்கட்கிழமை பத்து மணிக்குக் கோப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் ஒரு மன்னிப்பைக்கூடத் தயார் செய்துகொண்டேன்.

கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. இன்னொரு முறை தள்ளினேன். உள்ளே அவர் எழுந்து நடந்துவரும் சத்தம் கேட்டது. முதலில் மேல் பூட்டுத் திரும்பியது, பிறகு கீழ்ப் பூட்டு. கதவு பாதி திறந்தது. அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. தயார் செய்த மன்னிப்புக்குப் பதிலாகக் கோப்பையை நீட்டினேன்.

அவர் அதை வாங்கிக்கொண்டு, "எத்தன ஸ்பூன்?" என்று கேட்டார்.

"ரெண்டு" என்றேன். படியிலேயே நின்று வாங்கிக்கொண்டேன்.