மாலினி சிஸ்டரும் இருசப்பனின் வாயும்

எங்கள் ஐ.சி.யூ.வில் ஜ்வாலாமாலினிக்கு நாங்கள் வைத்த பெயர் 'பல்லு சிஸ்டர்'. சமண வீட்டுப் பெண். பொழுது சாயுமுன் சாப்பிட்டு முடித்து, தன் வாயைக் கொப்பளித்துக்கொண்டு, அடுத்தவர் வாயைப் பார்க்கக் கிளம்பிவிடுவாள். வென்டிலேட்டரில் கிடக்கும் ஒருவரையும் விடமாட்டாள். ஒரு கையில் பிரஷ், மறு கையில் எச்சிலை உறிஞ்சும் குழாய்.

"ஏன்டி, மூச்சு விடவே மெஷின் வேணும். இதுல பல்லு பளபளன்னு இருந்து கல்யாணமா பண்ணப் போறாரு?" என்று கூட வேலை பார்க்கும் நான் சீண்டுவேன்.

"வாயில இருக்குற அழுக்குதான்டி ஆர்த்தி, நெஞ்சுக்குள்ள எறங்குது" என்பாள்.

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்யும் இருசப்பன் நிமோனியாவோடு வந்தார். வாய்வழியாகக் குழாய் இறக்கி மெஷினில் போட்டோம். வெற்றிலை போட்டுப் போட்டுப் பல்லெல்லாம் ஒரே காவி. கொஞ்சம் தேறியதும் டாக்டர் மயக்க மருந்தைக் குறைத்தார். புதிதாகத் தொற்று வராவிட்டால் குழாயை எடுத்துவிடலாம், வந்தால் ஆளைக் காப்பாற்றுவது கஷ்டம் என்றார்.

அன்றைக்கென்று பார்த்து மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டார். அரைமயக்கம். கெஞ்சினோம், அதட்டினோம், ம்ஹூம்! பிரஷ் நுழையவில்லை.

"விடுடி, ஒரு வேளைதானே" என்றேன்.

"உன் வாயை ஒரு வேளை விட்டுப் பாரு, பக்கத்துல நிக்க முடியாது!" என்று எரிந்து விழுந்தாள் மாலினி. எனக்குச் சுருக்கென்றது.

பார்வை நேரத்தில் அவர் மனைவி ஜோதியம்மாள் வந்தார்.

"அக்கா, வீட்ல எதுக்கு இவரு வாயைத் தொறப்பாரு?" என்று கேட்டாள் மாலினி.

"என்னைத் திட்டறதுக்குத்தான்" என்ற அந்தம்மா, கொஞ்சம் வெட்கப்பட்டார். "சாப்டதும் நானே வெத்தல மடிச்சு வாயில வெப்பேன். அதுக்கு மட்டும் கேக்காமயே தொறப்பாரு."

"அப்ப மடிச்சேன்னு சொல்லுங்க."

ஜோதியம்மாள் குனிந்தார். "இந்தா மாமா, சுண்ணாம்பு கம்மியாதான் தடவியிருக்கேன், வாங்கிக்கோ."

அட! தாடை இளகியது. மாலினி சட்டென்று பிரஷை நுழைத்தாள். பல், ஈறு, நாக்கு, ஒன்றையும் விடவில்லை. ஜோதியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அவ்வளவுதான் மாமா, மெல்லு" என்றார்.

மறுநாள் காலை ஜோதியம்மாள் வர நேரமாகிவிட்டது. மாலினி தானே குனிந்து, "இந்தா மாமா" என்று கொஞ்சிப் பார்த்தாள். இருசப்பன் அசையவே இல்லை. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அதற்குப் பிறகு வாய் கழுவும் நேரமெல்லாம் ஜோதியம்மாளை உள்ளே விட டாக்டரே ஒப்புக்கொண்டார்.

ஜுரம் வரவில்லை. குழாயை எடுத்தார்கள். எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். இருசப்பன் கரகரத்த குரலில், "எங்கடி?" என்றார்.

"எது மாமா?"

"வெத்தல. குடுக்குறேன் குடுக்குறேன்னு வாயைத் தொறக்க வெச்சுட்டு, ஒண்ணுகூட வந்து சேரல."

ஜோதியம்மாள் அழுகையும் சிரிப்புமாக அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மாலினி மட்டும் பிரஷோடு முன்னால் வந்தாள்.

"பேசினது போதும்ணா. தொறந்த வாயை மூடாதீங்க."