வெறும் தாள் குழாய்

காலை ரயிலில் பெங்களூருக்குப் போகிறேன். போகிறேன் என்பது சும்மா பேச்சு, நசுங்குகிறேன். இன்று என் மூக்குக்கு நேரே ஒருவர் தோளில் ஈரத் துண்டு. அந்தப் புளித்த வாடை பட்டதுதான் தாமதம், எங்கள் சுரங்க ஊரின் பாலகாட் பகுதியில் கொசு பிடித்த நாட்களில் போய் விழுந்தேன்.

சிரிக்காதீர்கள், என் முதல் வேலை அது. விடியற்காலையில் மாட்டுக்கொட்டகைச் சுவரில் டார்ச் அடித்து, உட்கார்ந்திருக்கும் கொசுவைக் குழாய் வைத்து வாயால் உறிஞ்சிப் பிடிக்க வேண்டும். நடுவில் வலை உண்டு, விழுங்க மாட்டோம். நான் இரண்டு முறை விழுங்கியிருக்கிறேன். பிடித்தவற்றை மருந்து தடவிய தாளைச் சுருட்டி வைத்த குழாயில் ஒரு மணி நேரம் அடைத்து, மறுநாள் எத்தனை செத்தன என்று பார்ப்போம். சாகாவிட்டால், கொசு அந்த மருந்துக்குப் பழகிவிட்டது என்று அர்த்தம். கூடவே மருந்தில்லாத வெறும் தாள் வைத்த குழாய் ஒன்று. அதிலிருப்பவை பிழைத்திருக்க வேண்டும். அவையும் செத்தால், மற்றவை மருந்தால்தான் செத்தன என்று சொல்ல முடியாது, சோதனையே குப்பை.

குழாய்ப் பெட்டியை வீட்டில்தான் வைத்திருந்தேன். மேலே போட்ட ஈரத் துண்டு காயவே கூடாது, காய்ந்தால் கொசு தானாகவே செத்துவிடும். எங்கள் ஊர்த் தண்ணீர் லட்சணம் உங்களுக்குத் தெரியாததா? அந்த வாரம் தண்ணீர்க் குழாயில் காற்றுதான் வந்தது. மிச்சமிருந்த ஒரு குடத்தில், ஞாயிறு சர்ச்சுக்குப் போக நான் தலைக்குக் குளித்தேன். மகா புத்திசாலி! திரும்பி வந்தால் துண்டு அப்பளமாகக் காய்ந்திருந்தது. வெறும் தாள் குழாயிலும் ஒன்றுகூட உயிரோடு இல்லை.

மறுநாள் மேலதிகாரி, "ரிப்போர்ட் இன்னா ஆச்சு? இன்னிக்கே போவணும்" என்றார். என்னுடையது தற்காலிக வேலை. வெறும் தாள் குழாய்க்கு நேரே 'உயிருடன்' என்று எழுதினேன். மருந்து பிரமாதம் என்றாகிவிட்டது. அதையே ஸ்கெலட்டன் லைன் என்ற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு வீடுகளில் அடித்தோம்.

அங்கே ஸ்டெல்லா அக்கா, எனக்குப் பல நாள் சோறு போட்டவர், கட்டிலை வெளியே இழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டார்.

"இன்னாப்பா, இதுக்குக் கொசு சாவுமா? பொண்ணுக்கு இப்பத்தான் ஜொரம் வுட்டுது."

"சாவும்க்கா."

"நீயே சொல்லிட்ட, அப்புறம் இன்னா."

கொசுவலையை அன்றே மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்.

மழைக்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு மறுபடியும் மலேரியா. பிழைத்தாள், ஒரு வருஷப் படிப்பு போயிற்று. மருந்து வேலை செய்யவில்லையா, வேறெங்காவது கடித்ததா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் அந்தச் சோதனை. அதைக் கெடுத்தவன் நான். அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லித் தப்பித்திருப்பேன்.

மருந்தடித்த தேதியை அவர் கதவில் நான்தான் சாக்பீஸால் எழுதினேன். கடைசிவரை அவர் அதை அழிக்கவில்லை. போன வருஷம் அக்கா போய்ச் சேர்ந்தார். போன மாதம் வீட்டை இடித்தார்கள். கதவை யாரோ கொண்டுபோய்விட்டார்கள். தட்டி, "பொய் சொல்லிட்டேன்க்கா" என்று சொல்ல இனி எனக்கு ஒரு கதவு இல்லை.