பாதியில் நிறுத்தியவர்

பூபதிக்கு எதையும் பாதியில் நிறுத்தத் தெரியாது. சாப்பாட்டைக்கூட நிறுத்தத் தெரியாது என்று அவர் மனைவி மயிலம்மாள் சிரிப்பார்.

அது தொழில் பழக்கிய குணம். மல்லசமுத்திரத்திலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு கிளம்பினால் ஆந்திரா, ஒடிசா என்று மாதக்கணக்கில் போர் போட்டுவிட்டுத்தான் ஊர் திரும்புவார். இறக்கிய துளையைப் பாதியில் விட்டால் மண் சரியும். அடியில் பாறையை உடைக்கும் ஹேமர் மாட்டிக்கொள்ளும். தண்ணீரைப் பார்க்கும்வரை சோறும் தூக்கமும் வண்டிமேல்தான்.

ஒருநாள் கேபினுக்குள் ஏறக் காலைத் தூக்கினார், கால் வரவில்லை. "அண்ணனுக்கு வயசாயிருச்சு, ஏணி கொண்டாங்கடா" என்று கூட இருந்தவர்கள் கேலி செய்தார்கள். வயது அல்ல. தசை அழற்சி என்றார் சேலத்து டாக்டர். தொடையும் தோளும் மெல்ல வலுவிழக்கும் நோய். முழுதாகப் போகாது, மாத்திரையால் அடக்கி வைக்கலாம். உடற்பயிற்சி வேண்டும், ஆனால் அளவோடு.

அந்த அளவு மயிலம்மாளின் கண்ணில் இருந்தது. அடுப்படியிலிருந்தே எட்டிப் பார்ப்பார். பூபதியின் முகம் கொஞ்சம் மாறினால் போதும்.

"போதுமுங்க, உக்காருங்க."

முணுமுணுத்துக்கொண்டே உட்காருவார்.

போன புரட்டாசியில் எருமைக்குச் சோளத்தட்டு அறுக்கப் போன இடத்தில் மயிலம்மாள் மார்வலி வந்து விழுந்தார். வீட்டுக்குத் திரும்பி வந்தது உடல்தான்.

மகள் இலக்கியா சேலம் அஸ்தம்பட்டியில் குடியிருந்தாள். ஒரு தொழிற்சாலையில் கருவிகளின் அளவீட்டைச் சரிபார்க்கும் பொறியாளர். காரியம் முடிந்த மறுநாள் அவள் அழவில்லை. வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். வழுக்கும் கால்மிதிகளை எடுத்தாள். உயரமான நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டாள். பிறகு சொன்னாள்.

"ஊட்டைப் பூட்டிட்டு எங்கூட வந்துருங்கப்பா."

"உங்கம்மா இருந்த ஊடு சாமி. தைப்பொங்கல் வரைக்கும் உடு. இந்தச் சேர்ல கையை ஊனாம எந்திரிச்சுக் காட்டறேன். முடியலீன்னா நீ சொன்ன பக்கம் வாரேன்."

அவள் கிளம்பியதும் பூபதி போர் போடுவதைப் போலவே ஆரம்பித்தார். எழுந்தார், உட்கார்ந்தார். சட்டை நனைந்தும் விடவில்லை. கால் நடுங்கியபோது தண்ணீர் நெருங்கிவிட்டது என்றே நினைத்தார். அடுத்தடுத்துச் சில நாள் இப்படியே. ஒரு காலையில் குளியலறையில் சரிந்து உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. போன் கட்டில்மேல் இருந்தது. பால் கறக்க வந்த கந்தன் சத்தம் கேட்டுத் தூக்கினார். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது.

ஆஸ்பத்திரியில் பாட்டில் பாட்டிலாக மருந்து ஏறியது. தசை சிதைந்து சிறுநீரகம்வரை போகப் பார்த்தது என்றார்கள். இலக்கியா கட்டிலருகே நின்றாள். ஒரு வருஷத்துக்குள் இரண்டாவது பாடை என்ற நினைப்பை விரட்ட முடியவில்லை.

வீடு திரும்பியபின், டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான், உடற்பயிற்சி சொல்லித்தரும் வித்யா வந்தாள்.

"ஐயா, இது போர் இல்லீங்க. நிறுத்தாம செஞ்சாத்தான் இங்க மண்ணு சரியும்."

பூபதி அடுப்படிப் பக்கம் பார்த்தார். "எப்ப நிறுத்தறதுன்னு எனக்கெப்படித் தெரியும்? அவ சொல்லுவா."

"பேசிக்கிட்டே செய்யுங்க. பேச்சுத் திணறுனா, காலு நடுங்குனா நிறுத்திருங்க. மறுநாளும் அசதி இருந்தா பாதியாக் கொறைங்க. காய்ச்சல்னா லீவு. போனு கழுத்துல தொங்கட்டும்."

"யாருகிட்டப் பேசறது?"

வெளியே எருமை கத்தியது.

தைப்பொங்கல் கழிந்தது. சாமான் ஏற்ற டெம்போவுக்குச் சொல்லிவிட்டு இலக்கியா காலையிலேயே வந்தாள். உள்ளே அப்பாவின் குரல் கேட்டது.

"சோளத்தட்டைத் திங்காம எம்மூஞ்சியில என்னடி பாக்கற? உங்காத்தாளாட்ட நீயும் மொறைக்கறயா?"

சுவரோடிருந்த நாற்காலி இப்போது மாட்டுக் கட்டுத்தறியைப் பார்த்த ஜன்னலை ஒட்டிய சுவருக்கு மாறியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே எருமை அசைபோட்டது. அப்பா ஒரு கையை ஊன்றி எழுந்து, மெதுவாக உட்கார்ந்தார். கழுத்தில் போன் ஆடியது.

மகளைப் பார்த்ததும் இரு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டார். கைபடாமல் எழ முயன்றார். இடுப்பு நாற்காலியை விட்டு உயர்ந்தது. "இன்னைக்கி..." என்று தொடங்கிய பேச்சு இழுத்தது. தொடை நடுங்கியது.

இலக்கியா அவரைப் பிடிக்க ஓரடி வைத்தாள். இவர் விடமாட்டார்.

பூபதி கைப்பிடியைப் பற்றி உட்கார்ந்தார்.

"போதும்" என்றார்.

"பாதியிலயே நிறுத்திட்டீங்களாப்பா?"

"நிறுத்தோணுமல்ல? தோத்துட்டேன் சாமி. வண்டிய வரச்சொல்லு."

இலக்கியா போனை எடுத்தாள். குரல் உடைந்தது, அம்மா போனபிறகு முதல்முறையாக. கண்ணீரைத் துடைக்காமலே பேசினாள்.

"அண்ணா, டெம்போ வேண்டாங்க. அப்பா இங்கயே இருந்துக்குவாரு."

வெளியே எருமை தட்டைக் கடிக்கும் சத்தம் கேட்டது.

"அவளுக்குத் தண்ணி காட்டிட்டு வா சாமி" என்றார் பூபதி. "நான் கொஞ்சம் உக்கார்றேன்."