எதிர்ப்பக்கத்துக் குழந்தை

தெருப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் நாடாக்கா. கழுத்தில் எப்போதும் ஓர் அளவு நாடா தொங்கும். வீடு வீடாகப் போய், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் மேல்கையைச் சுற்றி அளந்து தாளில் எழுதுவது அவள் வேலை. நாடா பச்சையில் நின்றால் நலம், மஞ்சள் என்றால் மெலிவு, சிவப்பு என்றால் உயிருக்கே ஆபத்து. பதினோரு வருடத்தில் ஓர் எண்ணைக்கூட அவள் மாற்றி எழுதியதில்லை.

இந்த வருடம், அவள் வீடு இருக்கும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சத்துப் பொட்டலம் உண்டு. சாலைக்கு அந்தப் பக்கம் கிடையாது. கடைசியில் இரண்டு பக்கத்தையும் அளந்து ஒப்பிட்டால், பொட்டலம் பலன் தருகிறதா என்று தெரிந்துவிடும். நல்ல ஏற்பாடுதான், அந்தப் பக்கம் பிள்ளை பெறாதவர்களுக்கு.

அந்தப் பக்கத்துக் கடைசி வீடு தையல்காரியுடையது. அவள் மகளுக்கு ஒன்றரை வயது. அழக்கூடத் தெம்பில்லை. நாடா சிவப்பில் நின்றது. நாடாக்கா மறுபடி சுற்றினாள். அப்போதும் சிவப்பு.

"என்னக்கா, சட்டையா தைக்கப் போறீங்க, இத்தன தடவ அளக்குறீங்க?" தையல்காரி சிரிக்கத்தான் பார்த்தாள். "அந்தப் பொட்டலம் இவளுக்கும் ஒண்ணு குடுங்களேன்."

"உங்க பக்கத்துக்கு இல்லம்மா. ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தரேன்."

"மூணு தடவ போயாச்சு. படுக்க இடமில்லன்னு அனுப்பிட்டாங்க."

தாளில் இதை எழுதக் கட்டம் இல்லை. நாடாக்கா தாளைப் பையில் வைத்து மூடினாள்.

"பிள்ளையத் தூக்கு. இன்னிலேருந்து நீங்க ரெண்டு பேரும் என் வீட்டுல இருக்கீங்க."

சாலையைத் தாண்டும்போது பிள்ளையை அவளே சுமந்தாள். பிள்ளையைவிடக் கணக்குப் பையே கனமாக இருந்தது.

பொட்டலம் கொடுப்பவள் அவளுடைய நாத்தனார். அவள் பதிவேட்டைத் திறக்கவே இல்லை.

"புதுசா குடிவந்தவங்களுக்குக் கிடையாது அண்ணி. ஆறு மாசமாவது இங்க இருந்திருக்கணும்."

"எனக்குப் பொறந்ததுன்னு எழுது."

"அம்பது வயசுலயா?"

"எழுதுடி."

நாத்தனார் பிள்ளையின் கையைப் பார்த்தாள். பிறகு பதிவேட்டைத் திறந்து எழுதிவிட்டு, ஒரு பொட்டலத்தை நீட்டினாள்.

நாடாக்கா அதைப் பிரித்து, விரலால் தொட்டு, பிள்ளையின் உதட்டில் தடவினாள். தையல்காரி குனிந்து மகளின் வாயையே பார்த்தாள். உதடு அசையவில்லை. நாக்கும் வெளியே வரவில்லை.

"நக்குடா செல்லம்," என்றாள் நாடாக்கா. "உனக்காகப் பொய் சொல்லியிருக்கேன்."

இன்னும் கொஞ்சம் தடவினாள்.