அரம் வழுக்கிய இடம்

கரகண்டா நிலக்கரிச் சுரங்கத்தின் பழுதுப் பட்டறையில் இருபத்தாறு வருஷமாக உலைக்காரி உல்மெகென். எஃகுச் சாமானைக் கரித்தூளோடு பெட்டியில் அடைத்து, மண்ணால் மூடி, எட்டு மணி நேரம் வேகவைத்து, எண்ணெயில் அமுக்கி எடுப்பாள். மேல்தோல் மட்டும் கல்லாகும். உள்ளே மென்மை அப்படியே இருக்கும். தேயவும் தேயாது, லேசில் உடையவும் உடையாது.

அன்றைக்கு வெந்து வந்தது, ஆட்களை ஆழத்துக்கு இறக்கும் கூண்டின் பிரேக் ஆணி. பழையது தேய்ந்துபோயிருந்தது. மதியம் இரண்டு மணி ஷிப்டுக்கு அந்தக் கூண்டில் பன்னிரண்டு பேர் இறங்க வேண்டும். அதில் ஒருவன் அவள் மகன் ஒல்ஜாஸ்.

ஆணியின் மரை போட்ட முனை கெட்டியாகக் கூடாது என்று அங்கே மட்டும் களிமண் அப்பித்தான் உலையில் வைத்திருந்தாள். ஒரு மணிக்கு அந்த முனையில் அரத்தை வைத்து இழுத்தாள். கடிக்க வேண்டிய அரம் வழுக்கியது. மறுபடி இழுத்தாள், மறுபடியும் வழுக்கியது. களிமண் மூடியிருந்த முனையும் கல்லாகியிருந்தது.

கடைசல்காரன் செய்த்கலியைக் கூப்பிட்டாள்.

"ஏம்ப்பா, நான் குடுத்த கம்பியிலதான கடைஞ்ச?"

அவன் முகமெல்லாம் சிரிப்பு. "அது சப்பை இரும்புக்கா! உன் மவன் இறங்குற கூண்டாச்சேன்னு, பத்திரமா வச்சிருந்த லாரி அச்சுல கடைஞ்சேன். என்னா கெட்டி தெரியுமா!"

"அடப்பாவி! அந்த இரும்பு உலையில போனா உள்ளுக்குள்ளயும் கல்லாயிடுமேடா! ஒரு குலுக்கல்ல படக்குனு முறிஞ்சிடும்!"

கெடுதல் நினைத்துச் செய்திருந்தால் நாலு அறை விட்டிருப்பாள். பாசத்தில் செய்தவனை என்ன செய்வது?

தலைமைப் பொறியாளர் ஜுமாகெல்டி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் கடுத்தது.

"பையன் இறங்குறான்னு பயந்து சாக்கு சொல்றீங்களா? மத்தப் பதினோரு பேரு பயப்படலையே?"

"அவங்களுக்கும் சேத்துத்தான் சார் சொல்றேன்."

"ஷிப்ட் நின்னா மேல யாரு பதில் சொல்றது? ஆணியைக் குடுங்க."

அவள் கொடுக்கவில்லை. மரை முனை வெளியே நீட்டியிருக்கும்படி அதை வைஸ் இடுக்கியில் இறுக்கிவிட்டுச் சம்மட்டியைத் தூக்கினாள். "முறியலைன்னா நாளையிலேருந்து நான் வேலைக்கு வரல."

ஓங்கி ஒன்று போட்டாள். ஆணிக்கு ஒன்றும் ஆகவில்லை. பொறியாளர் சிரித்தார். "போதுமா?"

தப்பாகச் சொல்லிவிட்டோமோ? பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது அடி அடித்தாள். முனை முறிந்து பறந்து சுவரில் மோதி விழுந்தது. செய்த்கலி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஷிப்ட் ரத்தானது. சற்று நேரத்தில் ஒல்ஜாஸ் தலைக்கவசத்தோடு கொதித்துக்கொண்டு வந்தான். "அம்மா முந்தானையப் புடிச்சுக்கிட்டுத் திரியிறவன்னு எல்லாப் பயலும் சிரிக்கிறான்! ஏம்மா என் மானத்த வாங்குற?"

அவள் இரண்டு துண்டுகளையும் அவன் கையில் வைத்தாள். அவன் ஒட்டவைத்துப் பார்த்தான், பிரித்துப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"புது ஆணி எப்பம்மா ரெடியாகும்?"

"நாளைக்கு மத்தியானம். நானே நின்னு கடைய வச்சு, நானே வேகவைக்கிறேன்."

"சரி. போட்டதும் முத ஆளா நான் இறங்குறேன்."