பேசாமல் வைத்த தண்ணீர்

எண்பதாம் வருஷம் கழிந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். சங்கரன்கோவிலில் ஆடித்தபசு முடிந்து, வெளியூர்க் கூட்டம் கலைந்திருந்தது. எங்கள் நெசவாளர் தெருவில் அந்த மாதம் ஒரு குடும்பத்தை விலக்கி வைத்திருந்தோம்.

வைத்திருந்தார்கள் என்று எழுதலாம்தான். ஆனால் என் வீட்டுக்காரர் தெருப் பஞ்சாயத்து நாலு பேரில் ஒருவர். தெருக்குழாய் என் வாசலுக்கு நேரே இருந்தது. யார் குடம் முதலில், யார் குடம் அடுத்தது என்று சொல்வது நான். என் சொல்லை ஒருத்தி தட்டியது கிடையாது. அதனால் வைத்திருந்தோம் என்றே எழுதுகிறேன்.

எதிர்வீட்டுக்காரன் சுவர்த் தகராறில் பஞ்சாயத்துக்கு வராமல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டான். அதுதான் குற்றம். அவன் விசைத்தறிக்கு யாரும் பாவு நூல் கொடுக்கக் கூடாது, தெருக்கடையில் உப்பு முதற்கொண்டு விற்கக் கூடாது, குழாயில் தண்ணீர் விடக் கூடாது, முகம் பார்த்துப் பேசக் கூடாது. மீறுகிற வீட்டுக்கும் அதே கதி. தறி நின்றதும் அவன் ராஜபாளையத்துக்கு வேலை தேடிப் போனான். வீட்டில் அவன் பெண்டாட்டியும் இரண்டு வயதுப் பெண்பிள்ளையும் மட்டும்.

முதல் நாள் அவள் குடத்தோடு குழாயடிக்கு வந்தாள்.

"சர்க்கார் குழாய்தானக்கா" என்றாள்.

நான் அவள் குடத்தை வாங்கிக் கவிழ்த்து ஓரமாக வைத்தேன். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. சாயப்பட்டறைக்குப் பின்னால் ஒரு பாழ்கிணறு உண்டு, பாசி பிடித்தது, யாரும் வாயில் வைக்காத தண்ணீர். அதில்தான் இறைத்தாள். எனக்குத் தெரியும்.

தபசு முடிந்த கையோடு ஊரில் வாந்தி பேதி கிளம்பியது. ஊசி போட வந்த நர்ஸம்மா எதிர்வீட்டுக்குள் போனவள், போன வேகத்தில் வெளியே வந்து என் வாசலில் நின்றாள்.

"அந்தப் பிள்ளைக்கு விடிஞ்சதுலேர்ந்து பேதி போகுது. கண்ணு உள்ள போயிட்டு. கொதிக்க வச்சு ஆறுன தண்ணி ஒரு செம்பு, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கை சீனி. கரண்டி கரண்டியா ஊத்திக்கிட்டே இருக்கணும். அவகிட்ட சீனியும் இல்ல, நல்ல தண்ணியும் இல்ல. நீங்க குடுங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி பாத்து அனுப்புதேன்."

"நாங்க அவங்களோட பேசக் கூடாதே நர்ஸம்மா."

"தண்ணிதான கேட்டேன், பேச்சா கேட்டேன்?" என்று சொல்லிவிட்டு அவள் வேகமாக நடந்தாள்.

அது எனக்கு நல்ல யோசனையாகப் பட்டது. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றினேன். உப்பும் சீனியும் கலந்து, எங்கள் வீட்டுப் பித்தளைச் செம்பில் ஊற்றித் தட்டால் மூடினேன். தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு எதிர்வாசல் படியில் வைத்தேன். கதவை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பி வந்து ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டேன். கட்டுப்பாட்டையும் மீறவில்லை, பிள்ளைக்கும் கொடுத்தாயிற்று. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அவள் வெளியே வந்தாள். குனிந்து செம்பைத் தொடப் போனாள். அதில் என் வீட்டுக்காரர் பேர் வெட்டியிருக்கும். அதைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள். தெருவை ஒரு சுற்றுப் பார்த்தாள். நான் முகத்தை ஜன்னலிலிருந்து விலக்கிக்கொண்டேன். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

திமிரைப் பார் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தெருவில் அத்தனை தறியும் நின்றது. அதுவரை கேட்காத பிள்ளையின் அழுகை அப்போது கேட்டது. நீளமாக இல்லை, விட்டு விட்டு. செம்பு வெயிலில் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அழுகை மெலிந்தது. பிறகு நின்றுபோனது. அப்போதும் நான் எழுந்திருக்கவில்லை. இப்போது வந்து எடுப்பாள், இப்போது எடுப்பாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி உள்ளே வந்தாள்.

"மதினி, உங்க செம்பு அங்கன இருக்கு? ஓ, நீங்கதான் வச்சியளா! நல்ல காரியம் பண்ணுனிய. அவ மட்டும் தொடட்டும், திருடிட்டான்னு பிடிச்சிரலாம். ரெண்டு குத்தமும் சேந்தா வீட்டையே காலி பண்ண வச்சிரலாம்லா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவளும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். குடத்தைக் கவிழ்த்த கை ஒரு வார்த்தையும் பேசாமல் செம்பைக் கொண்டு வைத்தால் வேறு என்ன நினைப்பாள்?

தெருவில் இறங்கினேன். நாலு வாசலில் ஆட்கள் நின்றார்கள்.

"ஏட்டி! கதவத் திற! தண்ணி நாந்தான் வச்சேன், உன் பிள்ளைக்குத்தான் வச்சேன்!"

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "சாட்சிக்கு யாரக் கூட்டிட்டு வந்திருக்கிய?"

"ஒருத்தரும் இல்லட்டி. தெரு பூரா கேக்கட்டும்னுதான் கத்துதேன். திற!"

திறந்தாள். பிள்ளை அவள் மடியில் துவண்டு கிடந்தது. உதடு வெடித்து, அழக்கூடத் தெம்பில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது. நான் கரண்டியால் ஊற்றினேன். முதல் இரண்டு தடவையும் கக்கிவிட்டது. மூன்றாவது இறங்கியது.

வாசலில் பக்கத்து வீட்டுக்காரி பதறினாள். "மதினி, அண்ணாச்சி காதுக்குப் போனா என்ன ஆகும்!"

"இப்பவே போய்ச் சொல்லு. கேட்டா நான் இங்கனதான் இருக்கேன்னு சொல்லு."

குதிரை வண்டி வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். குளுக்கோஸ் ஏற்ற நரம்பு அகப்படாமல் டாக்டர் திணறினார். கடைசியில் காலில் அகப்பட்டது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது என்றார். பிள்ளை பிழைத்துக்கொண்டது.

பஞ்சாயத்தில் என்னை நிறுத்திக் கேட்டார்கள். "விலக்கணும்னா என்னையும் விலக்குங்க. ஆனா குழாய் என் வாசல்லதான் இருக்கு" என்றேன். ஒருவர் சிரித்துவிட்டார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அதோடு தண்ணீருக்கு இருந்த தடை மட்டும் நீங்கியது. பாவு கடைசிவரை கிடைக்கவில்லை. இரண்டு மாதத்தில் அவர்கள் ராஜபாளையத்துக்கே குடிபோனார்கள். போகும்போது அவள் என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லிக்கொள்ளவும் வேண்டியதில்லை.

ஒரு பிள்ளையைக் காப்பாற்றியவள் என்று எங்கள் தெருவில் இன்றும் என்னைச் சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம், அழுகை நின்ற பிறகும் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்த அந்தக் கொஞ்ச நேரம்தான் என் முன்னால் வந்து நிற்கிறது.